ஐந்து நாட்டு விசிட்டிங் கார்டு

‘குளோபல் முதலாளி’ என்றோர் இனம் நம் கோவையில் கொழித்துப் பெருகியிருக்கிறது. கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் ரசத்துக்கு முன்பே “எங்க துபாய் ஆபீஸ்ல...” என்று ஆரம்பித்தால், சந்தேகமே வேண்டாம், அதுதான்.

நம் கிருபாசங்கரையே பாருங்கள். கோழிக் கொட்டகையில் சூடு ஏறினால் ஃபேனைத் தானாக ஓடவிடும் மென்பொருள் அவருடையது. பல்லடம் பக்கம் நூறு பண்ணைகள் அதை நம்பியிருந்தன. போதுமா? இருப்பதை விட்டுப் பறப்பதைப் பிடிக்காவிட்டால் அப்புறம் என்ன முதலாளி? துபாயில் ஒரு தபால் பெட்டி, சிங்கப்பூரில் மச்சினன் வீட்டு அறை, லண்டனில் யாருடைய முகவரியோ, இன்னும் இரண்டு நாடுகள் என்று விசிட்டிங் கார்டில் ஏற்றிக்கொண்டே போனதில், கடைசியில் கோவைக்கு இடமில்லை.

“எங்க சொத்து கண்ணுக்குத் தெரியாதுங்க. பிராண்டு, காப்புரிமை, பேரு” என்பார். கண்ணுக்குத் தெரிந்த பொற்கொடியைத்தான் பிடிக்கவில்லை. ஆறு வருடமாகப் பண்ணைக்காரர்களின் போனை எடுப்பவள்.

“‘ஏனுங்ண்ணா, கோழி தண்ணி குடிக்குதுங்ளா’ன்னு கேட்டா பிராண்டு என்னாகறது அம்மணி? நாளையிலிருந்து சிங்கப்பூர் நம்பர்தான்.”

“அங்க யாருங்க சார் எடுப்பாங்க?”

“சிஸ்டம்.”

அன்றோடு அவளை வேலையை விட்டு அனுப்பினார்.

அடுத்த மாதம், சித்திரை வெயிலில், முதலீடு போட வந்த வெங்கடபதியைப் பண்ணைக்காரர் சென்னிமலையின் கொட்டகைக்குக் கூட்டிப்போனார். வெங்கடபதி தலையசைத்தால் கம்பெனி பிழைக்கும். இல்லாவிட்டால் அந்த ஐந்து நாடுகளுக்காக அடமானம் வைத்த வீடும் போகும். பாழாய்ப்போன ஃபேன் அப்போது பார்த்தா நிற்க வேண்டும்? நாலாயிரம் கோழிகள் வாயைப் பிளந்து மூச்சு வாங்கின. கிருபாசங்கர் சிங்கப்பூருக்கு அடித்தார். ஒன்றை அமுக்கச் சொன்னது, நான்கை அமுக்கச் சொன்னது, பிறகு பாட்டுப் போட்டது.

சென்னிமலை தன் போனை எடுத்தார். “பொற்கொடி அம்மணி, செட்டுல ஃபேன் நின்னுபோச்சு.”

“கன்ட்ரோல் பெட்டிக்குப் பின்னால சிவப்பு ஒயரை எலி இழுத்திருக்கும்ங்ண்ணா. சொருகிப்போட்டு ரெண்டு நிமிசம் பொறுங்க.”

காற்று வந்தது. கிருபாசங்கருக்கு மட்டும் வேர்த்துக் கொட்டியது.

“இவங்க உங்க ஸ்டாஃபா?” என்றார் வெங்கடபதி.

“போன மாசமே அனுப்பிச்சுப்போட்டாருங்க” என்று சென்னிமலை முந்திக்கொண்டார். “இப்ப நூறு பண்ணையும் சேந்து நாங்கதான் சம்பளம் குடுக்கறோம்.”

வெங்கடபதி தலையசைக்கவில்லை. பொற்கொடியின் நம்பரைக் கேட்டு எழுதிக்கொண்டார். எழுதியது, கிருபாசங்கரின் விசிட்டிங் கார்டுக்குப் பின்பக்கம்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். உங்கள் ஆபீஸிலும் போன் அடிக்கிறதே, அதை எடுப்பவள் பெயர் என்ன, சொல்லுங்கள் பார்ப்போம்.