குதிரையின் மீதி

2024 அக்டோபர் 5, புரட்டாசி மூன்றாம் சனிக்கிழமை, காலை ஆறு மணி நாற்பது நிமிடம். கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் முழுவதும் தூறல். மனிதர்களைக் கால்களை வைத்து மட்டுமே அடையாளம் காணும் ஆள் இந்த நாட்டிலேயே ஒருவன்தான், அவன் நாங்கள் லாடம் என்று பெயர் வைத்த எதிர்வீட்டுக்காரன். அவனை அதுவரை பொறுத்துக்கொண்டிருந்த என் மனைவிக்கு அந்த நிமிடத்தில் பொறுமை தீர்ந்தது.

லாடம் கிள்ளானில் ஒரு டயர் கடையில் ஒன்பது ஆண்டுகள் வேலை பார்த்தவன். முப்பத்து நான்கு வயதில் அதை விட்டுவிட்டு, பந்திங் பக்கம் ஒரு குதிரை லாயத்தில் சாணி அள்ளப் போனான். லாடம் அடிப்பதில் பெரிய ஆளாக வரவேண்டும் என்பது திட்டம். எங்கள் அடுக்குமாடியில் நாற்பது வீடுகள், நாற்பதும் சிரித்தன. இந்த ஊரில் குதிரை ஏது என்று நானும் கேட்டேன்.

“கே.எல்-ல டயர் கடை எத்தனை அங்கிள்? லாடம் அடிக்கிறவன் எத்தனை பேரு? நீங்கதான் ரயில்வேல கணக்கு எழுதின ஆளாச்சே.”

அந்தக் கணக்கு எனக்குப் பிடித்திருந்தது.

தொழில் கைக்கு வருவதற்கு முன்பே தொழிலின் கோளாறு அவனுக்கு வந்துவிட்டது. வணக்கம் சொன்னால் நம் முழங்காலைப் பார்த்து வணக்கம் சொல்வான். ஒருநாள் மின்தூக்கிக்குள் என் பின்னங்காலைத் தடவிக் கணுக்காலுக்கு மேல் லேசாக ஒரு கிள்ளு கிள்ளினான். என் கால் தானாக மேலே வந்துவிட்டது. “நல்ல சாது” என்று பாராட்டிவிட்டு மூன்றாம் மாடி வந்ததும் எனக்கு முன்னால் இறங்கிப் போனான்.

என் மனைவி அவனுக்குக் கிள்ளானில் தன் உறவில் ஒரு பெண் பார்த்தாள். பெண் தேநீர்த் தட்டுடன் வந்தது, போனது. பிடித்திருக்கிறதா என்று பெரியவர்கள் கேட்டார்கள்.

“வலது பக்கம் தேய்ச்சு நடக்கிறாங்க. செருப்புல உள்பக்கமா ரெண்டு மில்லிமீட்டர் ஏத்தினா சரியாயிடும் லா.”

ஆறு பேருக்கு ஊற்றிய தேநீரில் ஒன்றைக்கூட யாரும் குடிக்கவில்லை. வீடு வரும்வரை என் மனைவி எங்கள் இருவரிடமும் பேசவில்லை. நான் என்ன செய்தேன் என்பது இன்னும் தெரியவில்லை.

இனி அந்தச் சனிக்கிழமைக்கும் எங்கள் வீட்டு ஐஸ்பெட்டிக்கும் வருகிறேன். அக்டோபர் ஏழாம் தேதி, திங்கட்கிழமை, ஆஸ்திரேலியாவிலிருந்து ஒரு வெள்ளைக்காரர் வந்து அவனைத் தேர்வு செய்வதாக ஏற்பாடு. தேறினால் அந்த லாயத்துக்கு அவன்தான் லாடக்காரன். தவறினால் டயர் கடை. அவனுடைய பழைய சட்டையைத் துவைத்து ஆணியில் மாட்டி வைத்திருப்பதாகக் கடை முதலாளி ஏற்கெனவே சொல்லி அனுப்பியிருந்தார். ஒரு முறை அவன் அடித்த ஆணி குளம்பில் உள்வாங்கி, சதையில் ஏறிக் குதிரை மூன்று நாள் நொண்டியது. அந்தப் பயம் அவனுக்குப் போகவே இல்லை.

வெள்ளிக்கிழமை மாலை நான்கு பொட்டலங்களுடன் வந்தான். புரட்டாசியில் எங்கள் வீட்டில் மீனும் கோழியும் கிடையாது, ஆகவே ஐஸ்பெட்டியின் மேலறை காலியாக இருக்கும் என்று சரியாகக் கணித்திருந்தான்.

“வேலைச் சாமான் அங்கிள். சாப்பிடுறது இல்ல.”

சாப்பிடுவது இல்லையென்றால் அசைவம் இல்லை என்று நான் உள்ளே வைத்துவிட்டேன். மறுநாள் காலை பெருமாள் பூசைக்காகத் துருவி வைத்த தேங்காயை எடுக்கப் போன என் மனைவி மெதுவாகக் கூப்பிட்டாள்.

“ஏங்க, இந்தப் பொட்டலத்துல முடி இருக்கு.”

வயதாகிச் செத்த ஒரு குதிரையின் கால்கள், முழங்காலுக்குக் கீழே, குளம்போடு. தேர்வுக்கு முன் அடித்துப் பழக லாயத்தில் கேட்டு வாங்கி வந்தது. லாடத்தைக் கூப்பிட்டேன். வந்தவன் என் மனைவிக்கு முன்னாலும் நிற்காமல் பின்னாலும் நிற்காமல் பக்கவாட்டில் நின்று, தாழ்ந்த குரலில் “ஹோ… ஹோ…” என்றான்.

“நான் என்ன குதிரையாடா?”

“இல்ல ஆன்டி. ஆனா அதுவும் ஆயுசுக்கும் புல்லுதான் தின்னுச்சு. சுத்த சைவம்.”

ஐந்து நிமிடத்தில் நானும் அவனும் நான்கு கால்களும் வெளியே நின்றோம். மஸ்ஜித் இந்தியா துணிக்கடைப் பையில் போட்டு மின்தூக்கியில் இறக்கினோம். கோவிலுக்குப் புறப்பட்ட ஐந்தாம் மாடி அம்மாள் பையில் என்ன என்றார். பூசணிக்காய் என்றேன். பூசணிக்காயிலிருந்து நீர் சொட்டுவதை அவர் கீழே போகும்வரை பார்த்துக்கொண்டே வந்தார்.

ஐஸ் உருகினால் கால் கெட்டுவிடும். அன்றே அடித்துப் பார்த்தாக வேண்டும். கார் நிறுத்துமிடத்தில், சுத்தியல் சத்தம் கூடாது என்று குடியிருப்புச் செயலாளராகிய நான் கையெழுத்துப் போட்ட அறிவிப்புக்கு நேர் கீழே, சாமான்களைப் பரப்பினான். குளம்பை என் கையில் கொடுத்தான்.

“கெட்டியா பிடிச்சுக்குங்க அங்கிள். நீங்கதான் குதிரையோட மீதி.”

மீதியாக நின்றேன். முதல் காலில் ஆணி சதைக்குள் போய்விட்டது. வெட்டிப் பார்த்துத் தெரிந்துகொண்டான். இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதில் இரண்டாம் ஆணியே உள்ளே போயிற்று. சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு, அந்த டயர் கடைச் சட்டை தனக்கு இன்னும் பத்துமா என்று என்னைக் கேட்டான்.

பூசை முடிந்து, என்னைச் சாப்பிடக் கூப்பிட இறங்கி வந்த என் மனைவி, வழக்கம்போல வலது முழங்காலைப் பிடித்தபடி எங்களையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“நீங்க ஆடிக்கிட்டே இருந்தா அவன் எப்படி அடிப்பான்? தள்ளுங்க.”

பட்டுச்சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கடைசிக் காலை அவள் பிடித்தாள். கல்லுப்போல நின்றாள். ஏழு ஆணியும் நேராக இறங்கின. வெட்டிப் பார்த்தான், ஒன்றுகூட உள்வாங்கவில்லை.

“டயர் கடைக்குத் திரும்பிப் போனா எதிர்வீட்டுல உம்முனு உக்காந்திருப்பான். யாரு பார்க்கிறது அதை?” என்று என்னிடம் சொல்லிவிட்டு மறுபடி குளிக்கப் போனாள்.

திங்கட்கிழமை அவன் தேறினான். செய்தி சொல்ல வந்தவன் வாசலில் கிடந்த அவளுடைய வலது செருப்பை எடுத்துப்போய் அடியை அராவிக் கொண்டுவந்து வைத்தான். அவள் இப்போது முழங்காலைப் பிடிப்பதில்லை.

ஆனால் அந்த ஐஸ்பெட்டியில் இனிப் பால் வைக்கமாட்டேன் என்றாள். அது எதிர்வீட்டுக்குப் போயிற்று. புதியது வந்தது. மறு ஆண்டு புரட்டாசிக்கு முதல்நாள், அதன் மேலறையில் தேங்காயை ஒரு ஓரமாக ஒதுக்கி, நான்கு பொட்டலத்துக்கு இடம் விட்டு வைத்திருந்தாள். அந்தப் புதுப் பெட்டியின் விலை ஆயிரத்து முந்நூற்று எண்பது ரிங்கிட்.