குண்டான் மாமாவின் பழக் கலவை

தில்லியில் அந்தக் காலத்தில் இருந்த அத்தனை தமிழர்களிலும் வெட்கம் என்பதே இல்லாமல் பிறந்தவர் எங்கள் குண்டான் மாமா ஒருவர்தான். அவர் பட்டிருக்க வேண்டிய வெட்கத்தையும் சேர்த்து நான்தான் பட்டேன்.

தொண்ணூறுகளில் ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸில் எங்களுக்கு மேல்வீட்டுக்காரர். திருநெல்வேலிக்காரர், கட்டைப் பிரம்மச்சாரி. மத்திய சர்க்காரில் பெரிய அதிகாரி. அவர் கையெழுத்துக்காக ஃபைலோடு நிற்பவர்கள் தும்மக்கூடப் பயப்படுவார்களாம். ஞாயிற்றுக்கிழமை வந்தால் அதே மனிதர் ஒரு பெரிய அலுமினியக் குண்டானைத் தூக்கிக்கொண்டு பிச்சைக்குக் கிளம்பிவிடுவார்.

பழப் பிச்சை. குளிர்காலத்தில் தில்லியே வெயில் காய லோதி கார்டன் புல்வெளியில் விரிப்பைப் போட்டு உட்கார்ந்திருக்கும். நாங்கள் குவார்ட்டர்ஸ் குடும்பங்களும் புளியோதரை, தயிர்சாதத்தோடு போவோம். இனிப்பு மாமாவின் பொறுப்பு. ஆனால் ஒரு பழம்கூட வாங்கி வரமாட்டார். குண்டானுக்குள் கண்டென்ஸ்டு மில்க் டின், ஏலப்பொடி, எலுமிச்சை, ஒரு கத்தி மட்டும் இருக்கும். முன்பின் தெரியாத ஒவ்வொரு குடும்பத்திடமும் போய், "பாயி சாப், ஏக் ஃபல்!" என்று குண்டானை நீட்டுவார்.

'ஐயா, ஒரு பழம்' என்று அர்த்தம். அவருக்குத் தெரிந்த ஹிந்தி அவ்வளவுதான். எதிரில் இருப்பவர் ஒரு கேள்வி கேட்டால் முடிந்தது. ஆகவே தில்லியிலேயே பிறந்து வளர்ந்த நான் மொழிபெயர்ப்பாளர். "இவர் எல்லாரிடமும் ஆளுக்கொரு பழம் வாங்கிக் கலந்து, உங்களுக்கே ஒரு தொன்னையில் கொண்டுவந்து தருவார்" என்று, காலேஜ் படிக்கும் பெண் நான், ஊரார் முன்னால் விளக்கிக்கொண்டு நிற்பேன். ஒரு அம்மாள் இரக்கப்பட்டு எட்டணாவைப் போட்டுவிட்டார்.

மாமா அதை எடுத்துத் திருப்பிக் கொடுத்து, "ஏட்டி கீதா, காசு வேண்டாம், கொய்யா இருக்கான்னு கேளு" என்றார். கேட்டேன். இன்னொரு தாத்தா முள்ளங்கியை நீட்டினார். நான் வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்ததும் மாமா முறைத்தார்.

"குடுக்கறத வேண்டாம்னு சொல்லப்படாதுட்டி."

அன்றைக்கு அந்த முள்ளங்கியையும் பொடியாக நறுக்கிப் போட்டார். அவரைத் தவிர யாரும் தொன்னையைக் காலி செய்யவில்லை.

மற்றபடி, உண்மையைச் சொல்லாவிட்டால் பாவம், அந்தக் கலவை பிரமாதமாக இருக்கும். ஆப்பிளை நறுக்கியதும் கறுக்காமல் இருக்க எலுமிச்சை பிழிவார். ஆரஞ்சுச் சுளையைத் தோலும் கொட்டையும் எடுத்து உரிப்பார். வாழைப்பழம் கடைசியில்தான் போடவேண்டும், இல்லாவிட்டால் கூழாகிவிடும். பிறகு இனிப்புப் பால், ஏலம், துளி உப்பு.

"கடையில வாங்குனா என்ன மாமா?" என்று ஒருநாள் அழாத குறையாகக் கேட்டேன்.

"கடைப் பழத்துல பழம் மட்டும்தாம்ட்டி இருக்கும்" என்றார்.

இந்த நிலையில் எனக்கு வரன் வந்தது. கிட்வாய் நகர்க் குடும்பம். பையனின் அம்மா கறாரான பேர்வழி. வீட்டுக்கு வந்து பஜ்ஜி சொஜ்ஜி சாப்பிடுவதெல்லாம் வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை லோதி கார்டனில் தற்செயலாகப் பார்ப்பதுபோல் பார்த்துவிடலாம் என்று சொல்லி அனுப்பினார். எனக்குப் பையனின் போட்டோ மிகவும் பிடித்திருந்தது. எப்படியாவது அமையவேண்டுமே என்று மலை மந்திர் முருகனிடம்கூட வேண்டிக்கொண்டேன்.

அம்மா மதுரைக்காரி, முன்யோசனை அதிகம். நேரே மாடியேறிப் போனாள்.

"அண்ணே, தப்பா எடுத்துக்கிறாதீங்க. நாளைக்கு ஒரு நாள் அந்தக் குண்டான் வேணாம்."

"அதுக்கென்னம்மா! கீதா கல்யாணத்த விடவா குண்டான் பெரிசு?"

சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். மறுநாள் வாளி கொண்டுவந்தார்.

அம்மா தலையில் கைவைத்துக்கொண்டாள். "மாப்பிள வீட்டுக்காரங்களுக்கு இனிப்பு வேண்டாமா? அவங்க வர்றதுக்குள்ள ஒரு சுத்து சுத்திட்டு வந்துருதோம்" என்று மாமா என் பட்டுப்புடவையைக்கூடப் பார்க்காமல் கிளம்பினார். ஹிந்தி பேச ஆள் வேண்டுமே, தலைநிறையப் பூவோடு நானும் பின்னால் போனேன். தோட்டத்து நடுவில் இருக்கும் பழைய கும்மட்டத்தைச் சுற்றி அந்தப் பக்கம் வந்தோம். "பாயி சாப், ஏக் ஃபல்!" வாளி நீண்டது. நான் தலையைக் குனிந்துகொண்டு வழக்கமான விளக்கத்தை ஹிந்தியில் ஒப்பித்தேன்.

"நீ கீதாதானே?" என்றது ஒரு குரல், நல்ல தமிழில்.

பையன் வீட்டார் சீக்கிரமே வந்துவிட்டார்கள். பக்கத்தில் போட்டோவில் பார்த்த அதே பையன், பாதி உரித்த ஆரஞ்சோடு. பையனின் அம்மா என் புடவையைப் பார்த்தார், வாளியைப் பார்த்தார்.

"இவர் யாரு? உங்க சொந்தமா?"

மாமா என்னைத் திரும்பிப் பார்த்தார். அவ்வளவு நாளில் முதல்முறையாக அவர் முகம் சிவந்தது. வாளியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

"இல்லம்மா. இந்தப் பிள்ளைய எனக்குத் தெரியவே தெரியாது. ஹிந்தி தெரியும்னு சொல்லிச்சு, நாந்தான் கூப்பிட்டேன். நல்ல பிள்ளை."

அதுவரை நான் பட்ட வெட்கமெல்லாம் ஒன்றுமே இல்லை என்று அப்போது தெரிந்தது.

"எங்க மாமாதான்" என்றேன். "ஞாயித்துக்கிழமை நாங்க இப்படித்தான் பழம் கேப்போம்."

அவர்கள் ஆரஞ்சு தரவில்லை. சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள், அனுப்பவில்லை. நான் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். அம்மா மாமாவிடம் பேச்சை நிறுத்தினாள்.

அடுத்த ஞாயிறு மாமா வாளியும் இல்லாமல் குண்டானும் இல்லாமல், கடையில் வாங்கிய ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்தார். விரிப்பின் ஓரத்தில் உட்கார்ந்து, குனிந்த தலை நிமிராமல் ஆளுக்கொன்று கொடுத்தார். எனக்கு அந்தத் தலையைப் பார்க்கவே முடியவில்லை. புளியோதரை காலியான தூக்கைக் கழுவி எடுத்துக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றேன்.

"எந்திரிங்க மாமா. ஜல்தி. வெயில் போயிரும்."

"வேண்டாம்ட்டி. உனக்கு வெக்கமா இருக்கும்."

"ஆமா, வெக்கமாத்தான் இருக்கு. நீங்க வாங்க."