பின்னணி இல்லாத பல்

மதிப்புக்குரிய மாமா அவர்களுக்கு,

மருமகன் பணிவான வணக்கத்துடன் எழுதுவது. நானும் உங்கள் மகளும் நலம். உங்கள் மூட்டுவலியும் அத்தையின் கோபமும் தணிந்திருக்கும் என நம்புகிறேன்.

மாமா, சாதித்துவிட்டேன்! எங்கள் கல்யாணப் பேச்சின்போது, எனக்கு டயர்க் கடையில் வேலை என்றதும், "பையன் சரி, பின்னணிதான் ஒண்ணுமில்லையே" என்று என் காதுபடவே சொன்னீர்களே, அந்தப் பின்னணியை ஒழிக்கத்தான் இன்று முழுவதும் பாடுபட்டேன்.

நாளைக் காலை மாநாட்டில் உங்கள் மகள் தன் பல் ஆராய்ச்சியைச் சுவரொட்டியாக மாட்டி விளக்க வேண்டும். அது எடுபட்டால்தான் ஆய்வுக்கூடத்தில் வேலை நிரந்தரம். கணினியில் முப்பரிமாணமாக எழுப்பிய பல் வெள்ளைவெளேரென்று இருக்கிறது, ஆனால் சுற்றிலும் கறுப்புப் பெட்டி. நீலச் சுவரொட்டியில் வைத்தால் துக்கச் செய்தி மாதிரி தெரிகிறது. அவள் பேச்சை மனப்பாடம் செய்துகொண்டிருந்தாள், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று உட்கார்ந்துவிட்டேன். மென்பொருளில் 'ஒளிபுகும் தன்மை' என்று ஒரு பட்டை இருந்தது, இழுத்தேன், பெட்டி கல்லுமாதிரி நிற்கிறது, பல் கரைந்துவிட்டது. "ஏங்க, பல்லு எங்கங்க?" என்று அலறினாள். "உள்ளதான் இருக்கும், பதறாத" என்று சமாளித்து, பல்லை மீட்டு, படத்தைச் சேமிக்கும் இடத்தில் 'பின்னணி வேண்டாம்' என்பதைக் கண்டுபிடித்து டிக் அடித்து ஜேபெக்காகச் சேமித்தால் கறுப்பு மறுபடி வந்து உட்கார்ந்துகொண்டது, அந்த வகைக் கோப்புக்கு வெறுமை என்றால் என்னவென்றே தெரியாதாம், சரியென்று பிஎன்ஜியாகச் சேமித்தால் பல்லைச் சுற்றித் தரையில் ஓடு பதித்த மாதிரி சாம்பல் கட்டங்கள்! ஒவ்வொன்றாக அழிக்க ஆரம்பித்தேன். உங்கள் மகள் எட்டிப் பார்த்தாள். "அந்தக் கட்டம்தாங்க ஒண்ணுமில்லன்னு அர்த்தம். ஒண்ணுமில்லாததப் போய் எதுக்குங்க அழிக்கிறீங்க?"

நீலத்தின் மேல் வைத்தோம். என்ன சொல்வேன் மாமா! எந்தப் பெட்டியின் தயவுமில்லாமல் பல் ஜம்மென்று நிற்கிறது. நான் குதித்த குதியில் கீழ்வீட்டுக்காரர் சண்டைக்கு வந்துவிட்டார், அவரையும் உட்காரவைத்துக் காட்டினேன். பின்னணி இல்லாதவன் எங்கே வைத்தாலும் பொருந்துவான் என்பது அறிவியல்பூர்வமாக நிரூபணமாகிவிட்டது. படம் அச்சுக்கடைக்குப் போய்விட்டது. அன்று சொன்னதை நீங்கள் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

அத்தைக்கு என் வணக்கங்களைச் சொல்லவும். உங்கள் ஆசி எங்களுக்கு என்றும் வேண்டும்.

இப்படிக்கு,
பின்னணி இல்லாத மருமகன்

பி.கு.: அச்சுக்கடையில் நீல மை தீர்ந்துவிட்டதாம், வெள்ளைத் தாளிலேயே அடித்துவிட்டார்கள். பல்லைக் காணோம். அம்புக்குறிகள் மட்டும் வெறும் தாளைக் காட்டி 'வேர்', 'எனாமல்' என்கின்றன. உங்கள் மகள் என்னோடு பேசவில்லை. கறுப்புப் பெட்டியோடு பழைய படத்தையே மறுபடி அடிக்கக் கொடுத்திருக்கிறேன். பின்னணி முக்கியம் என்று நீங்கள் அன்றைக்குச் சொன்னது சரிதான் மாமா.