உள்ளூர் சுற்றுலாப் பயணி

பெல்ஜியத்தில் புரூஜ் நகரத்து ஃபிர்மின் ஒரு முடிவெடுத்துவிட்டார். வானமே இடிந்து விழுந்தாலும் சரி, வெனிஸுக்குப் போவதில்லை.

ரொட்டிக் கடையை மகனிடம் ஒப்படைத்துவிட்டு உட்கார்ந்த மனுஷன் அவர். உட்கார்ந்தார் என்றால் நிஜமாகவே உட்கார்ந்தார். கால்வாயைப் பார்த்த ஜன்னலோரம் ஒரு நாற்காலி, கையில் ஒரு கோப்பை பீர். அதற்கு மேல் அவருக்கு உலகம் வேண்டியிருக்கவில்லை. மனைவி மார்லீனுக்கு வேண்டியிருந்தது. கடையில் ரொட்டி எடுத்துக் கொடுத்தே இளமை முழுவதையும் தொலைத்தவள், பாவம். ஒரே ஓர் ஆசைதான் அவளுக்கு, வெனிஸைப் பார்த்துவிட வேண்டும்.

"அங்க என்னடி இருக்கு? கால்வாய். இங்க? கால்வாய். அங்க பாலம், இங்கயும் பாலம். சும்மாவா நம்ம ஊரை வடக்கு வெனிஸ்னு சொல்றான்?"

"அப்ப வெனிஸ்காரன் அவன் ஊரைத் தெற்கு புரூஜ்னு சொல்றானா?"

ஃபிர்மினிடமிருந்து பதிலுக்கு ஒரு திட்டம் வந்தது.

"நம்ம ஊரைப் பாக்க பிரேசில்லேருந்து வர்றான், ஜப்பான்லேருந்து வர்றான். நாம ஒழுங்கா பாத்திருக்கோமா? இந்தச் சனிக்கிழமை டூரிஸ்ட் மாதிரி சுத்துவோம். அப்புறம் பாரு, வெனிஸாவது மண்ணாவது!"

மார்லீன் கொஞ்சம் யோசித்தாள். "இந்தச் சனி வேணாங்க, அடுத்த சனி. ஆனா டூரிஸ்ட்னா டூரிஸ்ட்தான். அன்னிக்குப் பொழுது சாயற வரைக்கும் நமக்கு இந்த ஊர்ல வீடு கிடையாது, ஆளும் தெரியாது. நான் உள்ளூர்க்காரன்னு நீங்க வாயத் தொறந்தா வெனிஸ் போறோம். தொறக்கலைன்னா அந்தப் பேரையே இனிமே எடுக்க மாட்டேன்."

இவ்வளவு சுலபமாக மனைவி ஒத்துக்கொண்டால் எந்தப் புருஷனும் கொஞ்சம் பயப்பட வேண்டும். ஃபிர்மின் சந்தோஷப்பட்டார்.

அந்தச் சனிக்கிழமை காலையில், உள்ளூர்க்காரர்கள் தப்பித்தவறியும் கால்வைக்காத பெரிய சதுக்கத்தில் தலையில் தொப்பியும் கழுத்தில் கேமராவுமாக நின்றார். கட்டம் கட்டமான வாஃபிள் அப்பம் வாங்கினார். அதன்மேல் க்ரீம், ஸ்ட்ராபெரி, சாக்லேட் எல்லாவற்றையும் கொட்டிக் கொடுத்தார்கள். வாழ்நாளெல்லாம் மாவு பிசைந்த மனுஷனுக்கு அது கண்ணெதிரே நடந்த கொலை. கண்ணை மூடிக்கொண்டு தின்றார்.

எதிரே வந்தார் சீட்டாட்டக் கூட்டாளி ரெமி. "அடேய் ஃபிர்மின்! என்னடா இது கோலம்?"

ஃபிர்மின் மனைவியைப் பார்த்தார். அவள் வானத்தைப் பார்த்தாள்.

"மன்னிக்கணும், நீங்க யாருன்னு தெரியல," என்றார் ஃபிர்மின். "நாங்க லக்சம்பர்க்."

ரெமி வாயைப் பிளந்தபடி போய்விட்டார். திங்கட்கிழமைச் சீட்டாட்டத்தை நினைத்து ஃபிர்மின் தொப்பியை இன்னும் கீழே இழுத்துவிட்டுக்கொண்டார். மதியச் சாப்பாடு முடிந்ததும் கண் சொக்கியது.

"மார்லீன், கொஞ்ச நேரம் படுக்கணும் போல இருக்கு."

"படுக்கலாமே. எந்த ஓட்டல்ல தங்கியிருக்கோம்?"

கடைசியாகப் படகு. கூட்டத்தோடு கூட்டமாக நசுங்கி உட்கார்ந்தார்கள். படகோட்டிப் பையன் மைக்கைப் பிடித்து அளக்க ஆரம்பித்தான். "இந்தப் பாலம் ஒரு ராஜா தன் காதலிக்காக ஒரே ராத்திரியில கட்டினது!"

ஃபிர்மின் பள்ளிக்கூடம் போன காலத்தில் நகராட்சி கட்டிய பாலம் அது. இரண்டு வருஷம் இழுத்தடித்தார்கள். உதட்டைக் கடித்துக்கொண்டார். இன்னும் கொஞ்ச நேரம்தான். சூரியன் கூரைகளுக்குப் பின்னால் இறங்கிவிட்டால் வெனிஸ் ஒழிந்தது.

படகு வளைந்து திரும்பியது. "அந்தச் சிவப்பு ஓட்டு வீட்டைப் பாருங்க! அசல் புரூஜ்காரர் ஒருத்தர் எப்பவும் அந்த ஜன்னல்ல உக்காந்திருப்பார். படகு வர மறந்தாலும் அவர் மறக்க மாட்டார். அதோ, இன்னிக்கும் இருக்கார்! எல்லாரும் கை காட்டுங்க!"

எல்லோரும் கை காட்டினார்கள். தன் பெருமை இவ்வளவு தூரம் பரவியிருக்கிறதா என்று பூரித்துப்போய் ஃபிர்மினும் கை காட்டினார். அப்புறம்தான் உறைத்தது. தான் படகில் இருக்கும்போது ஜன்னலில் இருப்பது யார்?

தடித்த மீசைக்காரன் ஒருவன் அவர் நாற்காலியில் சாய்ந்து, அவர் பீரைக் குடித்துக்கொண்டு, பதிலுக்குக் கை காட்டினான்.

"டேய்!" ஃபிர்மின் துள்ளி எழுந்தார். படகு ஆடியது. "அது என் வீடுடா! என் நாற்காலி! அந்தப் புரூஜ்காரன் நான்தாண்டா!"

மார்லீன் கோட்டைப் பிடித்து இழுத்தாள். "உக்காருங்க. வெனிஸ்ல படகுல இப்படியெல்லாம் எந்திரிக்கக் கூடாது."

ஃபிர்மின் பொத்தென்று உட்கார்ந்தார். "யாருடி அவன்?"

"ஒத்தாவியோ. வெனிஸ்காரர். வீடு மாத்திக்கிறதுக்கு விளம்பரம் குடுத்திருந்தார். பொண்டாட்டியோட மத்தியானம் வந்திருப்பார். பத்து நாளைக்கு அவங்க நம்ம வீட்ல, நாம அவங்க வீட்ல. பக்கத்து வீட்ல சாவி குடுத்துட்டேன். நம்ம பெட்டி ஸ்டேஷன்ல இருக்கு, ஏழு மணிக்கு ரயில்."

ஃபிர்மின் ஒரு சின்ன நப்பாசையோடு கேட்டார்:

"நான் மட்டும் வாயைத் திறக்காம ஜெயிச்சிருந்தா?"

"சொன்ன சொல் மாறுவேனாங்க? வெனிஸ் பேரையே எடுத்திருக்க மாட்டேன்," என்றாள் மார்லீன். "பத்து நாளும் ஓட்டல் ஓட்டலா இடம் தேடிக்கிட்டு, நம்ம ஊரையே சுத்திப் பாத்திருப்போம்."