பூச்சிய செக்கனுக்குச் சகன் சோறு

சாய்ந்தமருது.

அன்பும் மரியாதையும் உள்ள றிம்சான் மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் தங்கை நுஸ்ஹாவும் உங்கள் வாப்பாவான மாமாவும் சுகம். நானும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை. போனில் சொன்னால் மாமா ஸ்பீக்கரில் போடச் சொல்லுவார், அதனால் தபாலில் எழுதுகிறேன். தயவுசெய்து கட்டார் வேலையை விட்டுவிட்டு வராதீர்கள்.

நான் பார்ப்பது ஹேஷ் வேலை. எவ்வளவு பெரிய ஃபைலைக் கொடுத்தாலும் அதற்குக் கைரேகை போல ஒரு சின்ன அடையாளம் எடுத்துத் தரும் புரோகிராம் அது. அதை இரண்டு மடங்கு வேகமாக்கினால் வேலை நிரந்தரம் என்று கொழும்புக் கம்பனி சொன்னது. மூன்று மாதம் தட்டி, ஒரு கோடி தடவை ஓடவிட்டு நேரம் பார்த்தேன். பூச்சியம் செக்கன். அதோடு வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "ஒரு செக்கனும் எடுக்கல்லயா மருமகன்? அல்ஹம்துலில்லாஹ்!" என்று மாமா குர்ஆன் கத்தம் ஓதி, சகன் என்ற பெரிய தட்டுக்கு ஆறு பேராகத் தெருவையே இருத்திச் சோறு கொடுத்துவிட்டார். நீங்களும் அன்றைக்குத்தான் போனில், "அப்ப இனி நான் வெயிலில கிடந்து ஏசி பூட்டத் தேவல்ல, ரெண்டு மாசத்தில வாறன்" என்றீர்கள்.

கம்பனிக்கு அனுப்புமுன் எனக்கே சந்தேகம் வந்து, நான் எழுதுவதை மெஷினுக்கு மாற்றித் தரும் கம்பைலர் உண்மையில் என்ன எழுதியிருக்கிறது என்று திறந்து பார்த்தேன். தொடக்கத்தில் நேரம் பார்க்கிறது, முடிவில் நேரம் பார்க்கிறது, நடுவில் என் ஹேஷ் இல்லை மச்சான், ஒரு வரிகூட இல்லை! வந்த விடையை நான் எங்கேயும் பாவிக்கவில்லை. யாரும் கேட்காத விடையை எதற்கு எடுப்பது என்று அது முழுவதையும் தூக்கி எறிந்திருக்கிறது. விடையைக் கேட்டு மறுபடி ஓடவிட்டேன். நான் கைவைக்கமுன் இருந்ததைவிட மெதுவாக ஓடுகிறது. மாமாவிடம் மெல்லச் சொல்லிப் பார்த்தேன். "வேல செய்யாமலே முடிக்கிதா? அப்ப அது உங்களவிடக் கெட்டிக்காரன்தான்" என்றார்.

எனக்கு வெட்கமாக இருக்கிறது. நுஸ்ஹாவைக் கட்டி நான் வந்து குடியிருக்கும் இந்த வீடு நீங்கள் அவளுக்குச் சீதனமாகக் கட்டியது. அடுத்த தங்கை இன்ஷிராவின் வீடு இன்னும் கூரையில்லாமல் நிற்கிறது. வீடு முடியாமல் அவளுக்கு நிக்காஹ்வும் இல்லை. நீங்கள் வந்துவிட்டால் அவள் கதி என்ன?

அல்லாஹ் உங்களுக்கு நீண்ட ஆயுளையும், அங்கேயே இன்னும் இரண்டு வருடத்தையும் தருவானாக.

இப்படிக்கு,
தலை நிமிர முடியாத மச்சான்,
ஹாதிக்.

பி.கு.: உறையை ஒட்டும்போது வாசலில் வேன் நின்றது. "காக்கா வந்திட்டாரு!" என்று உங்களைக் கண்டு நுஸ்ஹா கத்தினாள். எங்களைச் சந்தோசப்படுத்தத்தான் சொல்லாமல் வந்தீர்களாம், விசாவையும் முடித்துக்கொண்டு. என்னைக் கட்டிப்பிடித்து, "மச்சான், எனக்கும் அந்த வேலையப் படிப்பிச்சித் தாங்க, ரெண்டு பேருமாச் சேந்து இன்ஷிராட ஊட்ட முடிச்சிருவம்" என்றீர்கள். கடிதம் என் சட்டைப்பையில் இருந்தது. "ஓம் மச்சான்" என்று சொல்லிவிட்டேன்.