ரத்தக் குழாய்க்கு நான் பாய்ச்சிய தண்ணீர்

ஓடாத மோட்டாரை எங்கள் ஊர்க்காரனிடம் தைரியமாகக் கொடுக்கலாம், ஓட வைத்துவிடுவான். ஓடுகிற மோட்டாரை மட்டும் காட்டிவிடக் கூடாது. இன்னும் வேகமாக ஓட வைத்துவிடுவான். துடியலூரில் மோட்டார் ரீவைண்டிங் கடை வைத்திருக்கும் நானே இதற்குச் சாட்சி. (குற்றவாளியும் நானே.)

என் அக்கா மகள் நிவேதா ஆராய்ச்சி மாணவி. ஜெல்லி மாதிரி ஒன்றில் மனித செல்களைப் போட்டுச் சதை வளர்க்கிறாள். சதை தடித்தால் நடுவில் இருக்கும் செல்கள் சோறு தண்ணீர் கிடைக்காமல் செத்துவிடுமாம். அதனால் உள்ளேயே ரத்தக் குழாய்கள் வளர வேண்டும். அவை வளர, ஒரு குட்டிப் பம்பு சத்து நீரை மெதுவாக ஓட்டிக்கொண்டே இருக்க வேண்டும். (இந்த 'மெதுவாக' எனக்குப் பிறகுதான் தெரிந்தது.)

அந்தப் பம்பு ஒரு புதன்கிழமை நின்றுபோனது. மூன்று வாரமாக வளர்த்ததைப் பார்க்க வெள்ளிக்கிழமை பேராசிரியர் குழு வருகிறது.

"மாமா, கம்பெனி ஆளு வர ஒரு வாரம் ஆகுமாம். அதுக்குள்ள எல்லாம் செத்துப்போயிருமுங்க!"

"அழுவாத கண்ணு. இதா, வாரேன்."

அவள் ஆய்வகத்துக்குப் போய்ப் பம்பைத் திறந்தேன். ஒரு ஒயர் விட்டுப்போயிருந்தது, அவ்வளவுதான். பற்றவைத்ததும் பம்பு சுற்றியது. "இருங்க மாமா, டீ வாங்கியாறேன்" என்று நிவேதா கேன்டீனுக்கு ஓடினாள்.

நான் பம்பைப் பார்த்தேன். ரோஸ் நிறத் தண்ணீர் சொட்டு... சொட்டு... என்று வந்தது. இதைச் சரிசெய்தேன் என்று சொன்னால் கடையில் எவன் மதிப்பான்? பக்கத்தில் ஒரு திருகு இருந்தது. திருகினேன். சத்தம் நன்றாக வந்தது. முழுக்கத் திருகினேன். போர்வெல்லில் தண்ணீர் பீய்ச்சியடிப்பதைப் பார்க்கிற திருப்தி! ஜெல்லி கிழிந்து கிச்சடி போலச் சுழன்ற பிறகுதான் அந்தத் திருப்தி போனது.

நிவேதா டீயோடு வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"என்னத்தப் பண்ணிப்போட்டீங்க மாமா?"

"ஃப்ளோ பத்தலை கண்ணு. கொஞ்சம் ஏத்தி உட்டேன்."

"இது ரத்தக் குழாய்ங்க! தென்னந்தோப்புக்கா பாய்ச்சறீங்க?"

எனக்கு வாங்கிய டீயை அவளே குடித்தாள். (கேட்கிற தைரியம் எனக்கு இல்லை.)

வெள்ளிக்கிழமை கிழிந்ததையே காட்டி, நடந்ததைச் சொன்னாளாம். சிரித்து முடித்த குழு ஒரு மாதம் அவகாசம் கொடுத்தது. அடுத்த முறை குழாய்கள் வெற்றிலை நரம்பு போல அழகாகக் கிளை விட்டன. மைக்ராஸ்கோப்பில் எனக்கும் காட்டினாள், கைகளைப் பின்னால் கட்டிக்கொள்ளச் சொல்லி.

போன மாதம் ஆஸ்பத்திரியில் நர்ஸ் எனக்குப் பிரஷர் பார்த்து, கொஞ்சம் அதிகம் என்றார். கூட வந்த அக்கா அசரவில்லை.

"மாத்திரையெல்லாம் எதுக்குங்க அம்மணி? இவனே எங்கியாச்சும் திருகி உட்டிருப்பான். தேடிக் கொறைச்சு உடுங்க!"