மாணிக்கத்தைக் கூப்பிட்ட மலை

நடந்தது இவ்வளவுதான்:

1. எரிமலைத் தீவில் ஜீப்பை விட்டு இறங்கினேன்.
2. மூடுபனி சூழ்ந்தது.
3. இறந்துபோன என் அப்பாவை யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள்.
4. நான் பதில் சொன்னேன்.
5. மீட்பு வண்டி வந்தது.

நான்காவதுதான் தவறு என்கிறார் என் கணவர் ரவி. முதலாவதே தவறு என்பது என் மாமியாரின் கட்சி.

தொண்ணூறுகளின் கடைசி. சன்னிவேலில் மென்பொருள் சோதிக்கும் வேலை எனக்கு. அடுத்தவர் நிரலில் பிழை கண்டுபிடித்துச் சம்பளம் வாங்குகிறவளுக்குத் தன் திட்டத்தில் பிழை இருக்கும் என்று தோன்றாது. கோபியிலிருந்து அத்தை, அதாவது ரவியின் அம்மா, வந்திருந்ததால் ஹவாய்க்குப் போனோம். அதில் ஒரு நாள் ஜீப்பில் தீவைச் சுற்றும் ஏற்பாடு. தொலைபேசியில் பதிவு செய்தது நான்தான். "லாஸ்ட் நேம்?" என்றாள் அந்தப் பெண். அமெரிக்காவில் நம் ஆட்கள் சொல்லும் பதிலைத்தான் சொன்னேன், அப்பாவின் பெயர். மாணிக்கம், மூன்று பேர்.

அப்பா இறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. விசா புதுப்பிக்கப் பாஸ்போர்ட்டைத் தபாலில் அனுப்பியிருந்த வாரத்தில் போனார். நான் ஊருக்குப் போகவில்லை. அழவும் இல்லை. "தைரியமான பொண்ணு" என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் நம்பிவிட்டேன்.

ஜீப்பை ஓட்டி வழிகாட்டியவர் கீமோ. கதவை அடைத்துக்கொண்டு நிற்கிற உடம்பு, ரகசியம் சொல்வது போன்ற குரல். பாதை முடிந்த பிறகும் வண்டி போய்க்கொண்டே இருந்தது. நாலாபுறமும் எரிமலைக் குழம்பு உறைந்த கறுப்பு வெளி. புல் இல்லை, பறவை இல்லை. சக்கரத்தடியில் பாறை கண்ணாடி போல் நொறுங்கியது. இடுக்குகளில் ஆவி எழுந்தது. (நீராவிதான். விளக்கிச் சொன்னேன், யாரும் கேட்கவில்லை.)

"பனி வந்தா வண்டிய விட்டு நகரக்கூடாது. முன்னாடி இங்க நடந்தவங்க இன்னும் நடந்துட்டிருக்காங்க" என்றார் கீமோ ஆங்கிலத்தில். அத்தைக்கு மொழிபெயர்த்தேன்.

"எத்தன பேருன்னு கேளு கண்ணு."

"பேயெல்லாம் கிடையாது அத்தை. லாஜிக்கே இல்ல."

"லாஜிக் இருந்தா அது எதுக்குப் பேயாகுது?"

குலுங்கிய குலுங்கலில் ரவிக்குக் குமட்டியது. வண்டி நின்றது. அத்தை தன் மகனின் நாக்கில் நாரத்தங்காய் ஊறுகாயைத் தடவிக்கொண்டிருந்தார். என் பிரச்சினை வேறு. உடம்பில் நீர் வற்றக் கூடாது என்று எங்கோ படித்துவிட்டுக் காலையிலிருந்து தண்ணீராகக் குடித்திருந்தேன். "போட்டோ எடுத்துட்டு வரேன்" என்று இறங்கினேன். (கேமரா சீட்டிலேயே இருந்தது.)

மறைவாக ஒரு பாறை கிடைத்தது. வேலை முடிந்து நிமிர்ந்தால் உலகத்தைக் காணோம். முழங்காலுக்குக் கீழே நானே இல்லை. நேர்கோட்டில் நடப்பதாக நினைத்துக்கொண்டு நடந்தேன். காலடியில் எங்கோ பூமி மெல்ல முனகியது. அப்போதுதான் கேட்டது.

"மாஆஆணிக்கம்..."

ஆண் குரல். அவசரமே இல்லாத குரல். அந்தப் பெயரை யாரும் உரக்கச் சொல்லி நான் கேட்டதில்லை. பள்ளிக்கூடத்தில் அப்பா 'சார்', அம்மாவுக்கு 'ஏங்க'. அமெரிக்காவில் அது என் பெயருக்குப் பின்னால் ஒட்டியிருக்கிற வால், அவ்வளவுதான்.

"மாஆஆணிக்கம்... கம் பேக்..."

திரும்பி வரச் சொல்கிறது! ஆவி ஏன் ஆங்கிலம் பேசுகிறது என்றாவது யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை. பக்கத்துப் பாறையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். மூன்றாம் முறை கூப்பிட்டபோது பொறுக்க முடியவில்லை. தவறான தகவலைத் திருத்துவதுதானே என் தொழில்?

"ஹி இஸ் டெட்! மாணிக்கம் இஸ் டெட்!"

கூப்பிடுவது நின்றது.

ஜீப் பக்கம் நடந்ததைப் பிறகு ரவி சொன்னார். கீமோவைப் பொறுத்தவரை நாங்கள் மூவருமே மாணிக்கம். அதில் ஒன்றைக் காணோம். கூப்பிட்டால், மாணிக்கம் செத்துவிட்டது என்று பனிக்குள்ளிருந்து ஒரு பெண்குரல் கத்துகிறது. கீமோ சிலுவை போட்டுக்கொண்டு வண்டிக்குள் ஏறிக் கதவை அடைத்து, ரேடியோவில் ஒரு மரணம் என்று தகவல் கொடுத்துவிட்டார்.

"என்னடா சொல்றான்?" என்றார் அத்தை.

"யாரோ செத்துட்டாங்களாம்மா."

"நம்ம புள்ளயக் காணோம்டா!"

கீமோ தடுக்கத் தடுக்க அத்தை இறங்கிவிட்டார். "கண்ணூ! எங்கிருக்கற? வா சாமி, ஆரும் ஒண்ணுஞ் சொல்லமாட்டாங்க!"

குரல் என் காதருகே கேட்டது. நான் கட்டிக்கொண்டிருந்த பாறை ஜீப்புக்கு நேர் பின்னால்தான் இருந்தது. ஊறுகாய் வாசனையோடு ஒரு கை வந்து என் கையைப் பிடித்தது.

"அத்தை... அப்பாவைக் கூப்பிடறாங்க. அவர் இல்ல, செத்துப்போயிட்டார்னு சொல்லிட்டேன்."

அந்த வாக்கியத்தை அதுவரை நான் தமிழில் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னதும் ஒரு வருட அழுகை மொத்தமாக வந்தது. அத்தை முந்தானையால் என் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

சிவப்பு விளக்கு சுழல மீட்பு வண்டி வந்தது. உடல் எங்கே என்றார் அதிகாரி. கீமோ என்னைக் காட்டினார்.

"நீங்கதான் மாணிக்கமா?"

"ஆமா."

"அப்போ செத்தது யாரு?"

"மாணிக்கம்."

அதிகாரி பேனாவை மூடிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

ஃப்ரீமாண்டில் யார் வீட்டுப் பாட்லக் விருந்திலும் ரவி இதைக் குரல் ஏற்ற இறக்கத்தோடு நடித்துக் காட்டாமல் சாப்பாடு தொடங்குவதில்லை. கோபியில் அத்தையின் கதை வேறு: சம்பந்தி நேரில் வந்து மகளைக் கூப்பிட்டார், "இப்ப அனுப்ப முடியாதுங்க" என்று சொல்லி அத்தை மருமகளைக் கூட்டிவந்துவிட்டார். அந்தத் தீவுக்குப் போய்வந்த நண்பர்கள் இன்னொன்று சொன்னார்கள். பனி இறங்கும் நாளில் மலையில் ஒரு பெண்குரல் சாவுச் செய்தி சொல்லும் என்று அங்கே ஒரு வழிகாட்டி எச்சரிக்கிறாராம்.

கடைசிப் பெயரை ரவியின் பெயருக்கு மாற்றுவதாக இருந்தேன். மாற்றவில்லை. எந்த வரவேற்பறையிலாவது "மாணிக்கம்" என்று கூப்பிட்டால், எழுந்து போகிறேன்.